பால் பொங்காத கட்டடம்

மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பழைய டெலிபோன் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நான் உட்கார்ந்திருந்தேன், எதிரில் மொத்தக் கட்டடமும் நின்றது. பாதிப் பேர் வயரைப் பிடுங்கு என்றார்கள், பாதிப் பேர் பிடுங்காதே என்றார்கள், பிடுங்கு என்றவர்களில் ஒருத்தர்கூட தள்ளுடா நான் பிடுங்குறேன் என்று முன்னால் வரவில்லை. வரமாட்டார்கள். பிடுங்கினால் மூணாவது மாடியில் எங்கள் நைனா செத்துப்போவார். பிடுங்காவிட்டால் முதல் மாடி தஸ்லீமா அக்காவுக்குக் குழந்தை பிறக்காது. அக்காவுக்கு அப்போது பதின்மூணாவது மாதம். கீழ்ப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, துப்பட்டா நுனியால் விசிறிக்கொண்டு, அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருத்தர்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

நான் பத்தாவதோடு நின்றவன். சுற்றி வளைத்துச் சொல்ல வராது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

அயனாவரத்தில் எங்கள் கட்டடம் இருக்கிறது, மாடிக்கு இரண்டு வீடாக எட்டு வீடு, லிஃப்ட் கிடையாது, சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடையாது. இரண்டாவது மாடியில் ஏசி மாட்ட ஒருத்தர் டிரில் போட்டபோது ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடு பெயர்ந்து செக்ரட்டரி அங்கிளின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது, அன்றிலிருந்து எங்கள் எல்லார் வீட்டிலும் காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். நெட் கம்பெனிக்காரர் வந்தார், சுவரை விரல் முட்டியால் தட்டினார், மணல் கொட்டியது, கேபிளைக் கீழே மீட்டர் ரூமிலேயே விட்டுவிட்டு, இதுக்கு மேல நம்மளால ஆவாதுப்பா என்று போய்விட்டார். நான் மொட்டைமாடியிலிருந்து ஒரு கேபிளை வெளியே தொங்கவிட்டுப் பார்த்தேன், பக்கத்து மாமரத்து அணில் கடித்துப் போட்டது.

நெட் எதற்கு என்றால், கதிரேசன் அண்ணன் முகத்தைப் பார்க்க. அண்ணன் தோஹாவில் கட்டட வேலையில் இருந்தான், வேலை முடிகிறவரைக்கும் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நைனாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, என்ன கேக்குறாரோ செஞ்சு கொடுங்க என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். நைனா கறிக்குழம்பு கேட்கவில்லை, கோயிலுக்குக் கூட்டிப் போ என்று கேட்கவில்லை, கதிரைக் காட்டு என்றார். கட்டடத்துக்குள் செல்போன் சிக்னல் நொண்டும், வீடியோ போட்டால் அண்ணன் முகம் கண் பாதி மூடி வாய் பாதி திறந்து அப்படியே நின்றுவிடும், மேலே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நைனா அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சாவப்போறது நானு, இவன் ஏன்டா செத்த மாதிரி கெடக்குறான் என்றார்.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. லேண்ட்லைன் செத்து எவ்வளவோ வருஷம் ஆகியும் எந்த வீட்டிலும் போனை எடுக்கவில்லை. பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருப்பார்கள், ஆயுத பூஜைக்கு மிக்ஸி, சைக்கிள், அரிவாள்மணை எல்லாவற்றோடும் அதற்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். தஸ்லீமா அக்காவும் அவர் வீட்டுக்காரர் ஆரிஃப் அண்ணனும் வாடகைக்கு வந்தபோதுகூட, போனை மட்டும் எடுக்காதீங்க, எடுத்தா சுவரும் கூடவே வந்துரும் என்று ஓனர் சொல்லி வைத்திருந்தார். அதனால் எட்டு வீட்டுப் போன் வயரும் சுவருக்குள் நரம்பு மாதிரி அப்படியே ஓடி, கீழே அந்தத் துருப்பிடித்த பெட்டியில் வந்து முடிந்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் போன் வயரிலேயே நெட்டை ஏற்றுகிற டப்பா பழசில் ஒரு ஜோடி கிடைத்தது. ஒன்றைக் கீழே கேபிளோடு மாட்டினேன், ஒன்றை மேலே எங்கள் செத்துப்போன போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெட்டியைத் திறந்தால் எல்லா வயரும் ஒரே அழுக்குக் கலர், எது எங்களுடையது என்று எவனும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருக்கலாம். எனக்குப் பொறுமை கிடையாது. மொத்தத்தையும் சேர்த்து ஒரே முறுக்காக முறுக்கி டேப் சுற்றிவிட்டேன்.

நெட் வந்தது. வந்தது என்றால் சும்மா வரவில்லை, எட்டு வீட்டிலும் செத்துக் கிடந்த போன்கள் ஒரு தடவை சிணுங்கி அடங்கின, அப்புறம் எல்லார் வீட்டிலும் நெட் பாய்ந்தது, படம் கேட்குமுன்னே வந்து நின்றது, தோஹாவில் அண்ணன் தாடையில் எறும்பு ஊர்ந்தால் அயனாவரத்தில் நைனா தட்டிவிடு தட்டிவிடு என்றார். அண்ணன் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் போனை நிற்க வைத்துவிட்டே சாப்பிட்டான், தூங்கினான். நைனா தலையணைக்குப் பக்கத்தில் அவன் குறட்டை கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அடுத்த நாள் காலையில் எந்த வீட்டிலும் பால் பொங்கவில்லை.

அடுப்பு எரிந்தது, பால் சட்டி கை வைக்க முடியாத சூடு, ஆனால் பால் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தது. குக்கரில் முதல் விசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தது. குழாயில் தண்ணீர் விளக்கெண்ணெய் மாதிரி இறங்கியது, ஃபேனின் மூன்று இறக்கையையும் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது, அம்மா தலையில் வைத்த மல்லி வாரம் கழித்தும் வாடவில்லை, இட்லி மாவு புளிக்கவில்லை, செக்ரட்டரி அங்கிள் பேத்தியின் ஆடுகிற பல் ஆடிக்கொண்டே இருந்தது, விழவில்லை. கொஞ்ச நாளில் எல்லாருக்கும் விஷயம் பிடிபட்டது: நாம் கையால் செய்கிறது எதுவும் மாறவில்லை, நடந்தால் நடை, பேசினால் பேச்சு, ஆனால் தானாக நடக்க வேண்டியது எல்லாம் மெதுவாகிவிட்டது. நெட்டுக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்தோ வந்தாக வேண்டுமில்லையா, சுவர் வழியாக எங்கள் வீடுகளிலிருந்து எடுத்துக்கொண்டது. ஏன், எப்படி என்று யாரும் ரொம்ப நேரம் பேசவில்லை. கார்ப்பரேஷன் தண்ணீர் நேரம் மாறினால் எப்படிப் பழகிக்கொள்வோமோ அப்படிப் பழகிக்கொண்டோம்.

கேட்டுக்கு வெளியே பிளாட்பாரத்தில் ஒரு அடுப்பு வைத்தார்கள், அங்கே எல்லாம் ஒழுங்காகக் கொதித்தது, ஆளுக்கு ஒரு முறை போட்டுச் சமைத்தார்கள், அவசரமில்லாத பாலையும் குக்கரையும் மட்டும் வீட்டு அடுப்பிலேயே ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். மாவை எதிர்வீட்டில் கொடுத்துப் புளிக்க வைத்து வாங்கினார்கள், பதிலுக்கு எதிர்வீட்டு மீனையும் தயிரையும் எங்கள் கட்டடத்தில் வைத்துக்கொண்டார்கள், மீன் நாள்கணக்கில் அப்போது பிடித்த மாதிரியே முழித்துக்கொண்டிருந்தது. பூக்காரம்மா மீந்த பூவை ராத்திரி எங்கள் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார். கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்ச வந்தார்கள், பால் பொங்காமல் நல்ல நேரம் போய், ராகுகாலம் வந்து, ராகுகாலமும் போய், கடைசியில் செக்ரட்டரி அங்கிள் சட்டியை வாங்கிக்கொண்டுபோய் வெளி அடுப்பில் பொங்கவிட்டு எடுத்து வந்து கொடுத்தார், அவர்களும் அதுவே போதும் என்று கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். செக்ரட்டரி அங்கிள் ஷேர் வாங்கி விற்கிறவர், அவருக்கு நெட் போகக் கூடாது. ஆகவே கட்டடத்துக்கு ஒரு குறையும் இல்லை.

உடம்புதான் ஏமாற்றியது. பாலைக் கேட்டுக்கு வெளியே வைத்தால் பொங்கிவிடும், எங்கள் உடம்பு எங்கே போனாலும் கட்டடத்தோடதாகவே இருந்தது. ஆரிஃப் அண்ணன் ஆபீசில் நாளெல்லாம் உட்கார்ந்தாலும் தாடி வளரவில்லை. தஸ்லீமா அக்காவை வாணியம்பாடிக்கு அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார், பத்தாவது மாதம் முடிந்து பதினோராவது வந்தும் வலி வரவில்லை, திரும்பி வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு, குழந்தை நல்லா இருக்கு, ஆனா எட்டு மாசத்துக் குழந்தையாவே இருக்கு, இப்ப அறுத்து எடுக்க முடியாது, காத்திருங்க என்றார்கள். வளைகாப்பு மாதிரி ஒன்று ஏற்கெனவே வைத்து முடித்திருந்த கட்டடத்துப் பெண்கள், சும்மா இருக்க முடியாமல் இன்னொரு தடவையும் வளையல் போட்டுச் சித்ரான்னம் கிண்டினார்கள். அக்கா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கை வீங்கி வளையல் ஏறவில்லை. அவர் படுத்துத் தூங்கி எவ்வளவு நாளாகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

நைனா போகவில்லை. டாக்டர் மனசில் வைத்திருந்த கெடு எப்பவோ தாண்டிவிட்டது, அம்மா பெருமாளுக்கு வேண்டிக்கொண்டதால் என்று நினைத்தாள், நான் என்னால் என்று நினைத்தேன். ஆனால் வலியும் மெதுவாகத்தான் வந்தது, மெதுவாகத்தான் போனது. காலையில் டீ குடிக்கும்போது ஒரு இருமல் அவர் நெஞ்சில் கிளம்பும், அது தொண்டை வரைக்கும் ஏறி வெளியே வர மத்தியானம் ஆகும், அதுவரைக்கும் பெட்ஷீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதிர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வெளியே போய் வராந்தாவில் நிற்பேன். நின்று என்ன செய்ய. எனக்குத் தெரிந்ததெல்லாம் வயர் முறுக்குகிறது ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. டப்பா அணைந்தது, அணைந்த உடனே கட்டடம் பாக்கி வைத்திருந்ததை எல்லாம் ஒரேயடியாகக் கேட்டது: எட்டு வீட்டிலும் பால் பொங்கி வழிந்தது, குக்கர்கள் கத்தின, மீன் நாறியது, முதல் மாடியில் தஸ்லீமா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு யா அல்லா என்று உட்கார்ந்தார், மேலே நைனாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது, அம்மா அவர் வாயில் தண்ணீர் விட டம்ளரைத் தேடினாள். அம்மா தண்ணீர் விடுவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. எல்லாம் நின்றது. அக்காவின் வலி நின்றது. நைனா மூச்சு திரும்பியது.

அப்போதுதான் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே நான் ஒரு மெக்கானிக் ஷாப்பிலிருந்து பழைய லாரி பேட்டரி இரண்டை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி வந்து, கரண்ட் போனாலும் அணையாதபடி கீழ் டப்பாவோடு ஒன்று, மேல் டப்பாவோடு ஒன்று சேர்த்துக் கட்டினேன். மேல் பேட்டரியோடு படியேறும்போது தஸ்லீமா அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னடா மாதேசு, எங்க தூக்கினு போறே என்றார். சும்மாக்கா என்றேன். அவருக்குத் தெரியும். கனமா இருக்கும், பாத்துடா என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம்தான் கீழே அந்தக் கூட்டம். பேசிப் பேசிப் பார்த்தார்கள். தினமும் கொஞ்ச நேரம் அணைத்து வைக்கலாமே என்று ஒருத்தர் சொன்னார், நைனா பேரைச் சொல்லி, ஏகாம்பரம் அதைத் தாங்குவாரா என்று இன்னொருத்தர் கேட்டார். செக்ரட்டரி அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு உயிர் போனாத்தானே ஒரு உயிர் வரும், இயற்கை அப்படித்தானே என்றார். அவர் கடைசியில் எதைச் செய்யச் சொல்கிறார் என்று அப்பவும் தெரியவில்லை. நைனா என்ன பஸ் சீட்டா, ஒருத்தர் எழுந்தால் ஒருத்தர் உட்கார? வயசானவராச்சே என்று பார்த்தேன், இல்லாவிட்டால் அடித்திருப்பேன். ஆரிஃப் அண்ணன் கத்தவில்லை, என் பக்கத்தில் வந்து குந்தினார், ரொம்ப மெதுவாக, தம்பி, அவ உக்காந்துனே தூங்குறாடா என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பெண்டாட்டி, என் அப்பா. கூட்டம் ஒன்றும் முடிவு செய்யாமல், அவரவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே கலைந்தது.

நைனாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அம்மா எல்லா வீட்டிலும் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு வந்திருந்தாள்.

அடுத்த நாள் காலையில் தஸ்லீமா அக்கா எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். படிக்குப் படி நின்று, கைப்பிடியைப் பிடித்து, நோன்புக் கஞ்சி மாதிரி வைத்த கஞ்சியை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் கதவை மறித்து நின்றேன். தள்ளுடா, உன்கூடப் பேச வரல என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நைனா கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஞ்சியில் தேங்காய்ப்பால் கம்மியாகத்தான் ஊற்றியிருக்கிறேன், நெஞ்சு கரிக்காது என்றார். வாணியம்பாடியில் வெயில் எப்படி என்று நைனா கேட்டார், சொன்னார். நைனா இருபத்தஞ்சு வருஷம் பஸ் கண்டக்டர், டிக்கெட் எடுக்காதவனை நிற்கிற நிலையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து பள்ளமாகியிருந்தது.

அக்கா இறங்கிப் போனதும் நைனா ரொம்ப நேரம் போனையே பார்த்தார். போனில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"மாதேசு, கதிர் ரெண்டு தரம் முடி வெட்டிட்டான்டா" என்றார்.

நான் போனைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தேன்.

"எனக்கு ஆஸ்பத்திரில சவரம் பண்ணது. அப்புறம் நீ பண்ணவே இல்ல." தாடையைத் தடவிக்கொண்டார். "பண்ண வேண்டியே வரல."

அம்மா சமையல்கட்டில் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். நான் மறைக்கிறதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், பொய் சொல்ல எனக்கு வராது, எப்பவும் வராது, அதனாலேயே பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தப்பிக்க நான் மட்டும் அடி வாங்குவேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டி, முறுக்கு, பால், பேட்டரி. பேட்டரி என்றபோது மட்டும் கொஞ்சம் சிரித்தார். லாரி பேட்டரியா, அதைத் தூக்கினு மூணு மாடி ஏறினியா என்றார். அப்புறம் சிரிப்பு இருமலாகக் கிளம்பி நெஞ்சிலேயே நின்றது, அது வெளியே வருகிறவரைக்கும் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

இருமி முடித்ததும் அண்ணனை எழுப்பச் சொன்னார். அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். நைனா அவனிடம் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டியா என்றார், வேலையில் ஹெல்மெட் போடு என்றார், கொஞ்ச நேரத்துல உன் மூஞ்சி நின்னுபூடும், நீ பயந்துக்காத, லைன் கட்டாவுது அவ்வளவுதான் என்றார். அண்ணனுக்குப் புரிந்ததா இல்லையா தெரியவில்லை, ஆனால் அவன் முகத்தைப் போனுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

பிறகு நைனா என் கையைப் பிடித்தார்.

"போய்ப் பிடுங்கு. பிடுங்கிட்டு நீ மேல வராத. வந்து நின்னு நீ ஒண்ணும் செய்யப் போறதில்ல, சும்மா அழுவ. அந்தப் பொண்ணுக்கு ஓடிப்போயி ஒரு ஆட்டோ பிடி, கூடவே ஏறிப் போ. அதான் உன் வேலை. இன்னா?"

சரி நைனா என்றேன்.

இறங்கினேன். நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்திருந்தன, ஆட்கள் வாசலில் நின்றார்கள், செக்ரட்டரி அங்கிள் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார், பேத்தி ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தாள். முதல் மாடியில் தஸ்லீமா அக்கா பையைத் தயாராகக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் பார்த்தால் அது பழைய பை, எத்தனையோ நாளாக அப்படியே கட்டி வைத்தது, தூசி படிந்திருந்தது. அக்கா எழுந்து என் பின்னாலேயே படியைப் பிடித்து இறங்கி வந்தார், ஆரிஃப் அண்ணன் பையை எடுத்துக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தேன். டேப்பை உரித்தேன். நான் முறுக்கிய முறுக்கு பிரியவில்லை, அவ்வளவு இறுக்கமாக முறுக்கியிருந்தேன். கட்டிங் பிளேயரை வைத்து அறுத்தேன்.

மேலேயிருந்து கீழே வரைக்கும் ஃபேன்கள் ஒரே நேரத்தில் உறுமின, குழாய்கள் கொட்டின, குக்கர்கள் வரிசையாகக் கத்தின, வளர வேண்டிய முடியும் நகமும் எல்லார் உடம்பிலும் அரித்துக்கொண்டு வளர்ந்தன, படிக்கட்டில் பூக்காரம்மாவின் பூ மொத்தமும் ஒரே மூச்சில் வாடிப் பழுப்பானது, பேத்தியின் பல் டக்கென்று தரையில் விழுந்து உருண்டது. என் பின்னால் தஸ்லீமா அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தார், நகம் உள்ளே இறங்கியது, அவர் வயிறு கண் முன்னாலேயே இறங்கிக் கீழே வந்தது. படியெல்லாம் தண்ணீராகிவிட்டது. ஆரிஃப் அண்ணன் அவரைத் தாங்கிக்கொண்டு, மாதேசு, ஆட்டோடா, ஆட்டோ என்றார். தெருமுனை இருபது அடி. ஸ்டாண்டில் எப்பவும் இரண்டு வண்டி நிற்கும்.

நான் அக்கா கையைத் தோளிலிருந்து எடுத்தேன். திரும்பிப் படியேறினேன்.

எட்டு வீட்டுப் பாலும் பொங்கி வாசல் தாண்டி வழிந்தது, வெள்ளையாகப் படிக்குப் படி இறங்கி வந்தது, நான் அதில் மிதித்து, வழுக்கி, கைப்பிடியைப் பிடித்து, இரண்டிரண்டு படியாக ஏறினேன். இரண்டாவது மாடி வரும்போதே மேலேயிருந்து அம்மா குரல் கேட்டது, கதிரு கதிரு என்று போனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனேன். போனில் அண்ணன் முகம் கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து நின்றுவிட்டிருந்தது, மேலே அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நைனா தாடையில் மொத்தத் தாடியும் வெள்ளையாக வளர்ந்திருந்தது. அவர் போனைப் பார்க்கவில்லை. மேலே வராதே என்று சொன்னவர், தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தபடியே போயிருந்தார்.

கீழே தெருவில் யாரோ ஆட்டோ, ஆட்டோ என்று கூப்பிட்டார்கள். நான் கூப்பிடவில்லை.